இக்னோர், நெக்லெக்ட், ஓவர்லுக்: ‘கண்டுகொள்ளவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்க வருபவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எந்தக் குழுவாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இக்னோர், நெக்லெக்ட், ஓவர்லுக், டிஸ்ரிகார்ட் என்ற சொற்களில் வந்து சிக்கிக்கொள்வார்கள். சின்ன அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘புறக்கணி’ என்ற பொருளே கிடைக்கும். அதை நம்பி எழுதினால், ‘கவனிக்கத் தவறிவிட்டேன்’ என்று சொல்ல வந்தவர் ‘வேண்டுமென்றே ஒதுக்கினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். இந்த வினைகள் ஒவ்வொன்றும் யார்மேல் தப்பு, எவ்வளவு தப்பு என்பதையும் கூடவே சொல்லிவிடும். அதனால் இதில் கவனம் தேவை. பலர் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன்.

இக்னோர்னா என்ன? சிம்பிளா சொல்லுங்க.

தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருப்பது. இதில் ‘தெரிந்தும்’ என்பதுதான் முக்கியம். போன் அடிக்கிறது, திரையில் பெயரும் தெரிகிறது, எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறோம் என்றால் அது இக்னோர். போன் பைக்குள் சைலன்டில் கிடந்து, அடித்ததே தெரியாமல் போனால் அது மிஸ். அதனால்தான் அதற்கு மிஸ்டு கால் என்று பெயர்.

இக்னோர் எப்போதும் கெட்ட செயல் அல்ல. தெருவில் கிண்டல் செய்பவனைக் கண்டுகொள்ளாமல் நடப்பதும், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படிப்பதும் இக்னோர்தான். இலக்கணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: ‘இக்னோர் ஹிம்’, ‘இக்னோர் த நாய்ஸ்’ என்று நேராக வரவேண்டும். ‘அவனைப் பத்திக் கண்டுக்காதே’ என்று பேசிய பழக்கத்தில் ‘இக்னோர் அபவுட் ஹிம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ‘அபவுட்’ வேண்டாம்.

நெக்லெக்ட்டும் அதேதானே மேடம்? ரெண்டுல எதைப் போட்டா என்ன?

நெக்லெக்ட் என்று சொன்னாலே அங்கே ஒரு கடமை இருக்கிறது என்று பொருள். பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டார். பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடி வாடினால் நீங்கள் நெக்லெக்ட் செய்ததாகாது. உங்கள் மாடித் தொட்டியில் இருப்பது வாடினால் ஆகும். தெரிந்து விட்டீர்களா, மறந்து விட்டீர்களா என்பது இங்கே இரண்டாம்பட்சம். அப்புறம், இக்னோர் ஒரு நொடியில் நடந்து முடியும். நெக்லெக்ட் பெரும்பாலும் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். பல்லை, உடம்பை, குடும்பத்தை, படிப்பை நெக்லெக்ட் செய்வதாகச் சொல்வது அதனால்தான்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு இதே எடைதான். இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டு சிறுவர், இளையோர் சட்டம் அதன் முதல் பிரிவிலேயே, தன் பொறுப்பில் உள்ள 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாக்குவதோடும் கைவிடுவதோடும் சேர்த்து நெக்லெக்ட் செய்வதையும் குற்றம் என்கிறது. போதிய உணவு, உடை, மருத்துவ உதவி, தங்க இடம் ஆகியவற்றைத் தராமல் விடுவதை அது நெக்லெக்ட் என்று கணக்கில் எடுக்கிறது. பிள்ளை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத அப்பா இக்னோர் செய்கிறார். பிள்ளைக்குச் சாப்பாடு போடாத அப்பா நெக்லெக்ட் செய்கிறார். இரண்டையும் மாற்றிப் போட்டால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘ஐ இக்னோர்டு டு லாக் த டோர்’ சரியா?

தப்பு. இக்னோருக்குப் பின்னால் ‘டு’ போட்டு இன்னொரு வினை வராது. ஓவர்லுக்கிலும் டிஸ்ரிகார்டிலும் அப்படித்தான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன் என்பதற்கு நெக்லெக்ட், ஃபெயில், ஒமிட் மூன்றும் வரும்: ‘ஐ நெக்லெக்டட் டு லாக் த டோர்.’ பேச்சில் ‘ஐ ஃபர்காட் டு லாக் த டோர்’ என்பதே போதும்.

‘அவன் என்னை அவாய்ட் பண்றான்’னு சொல்றோமே, அது இக்னோர்தானே?

நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தில் அவாய்ட் என்றால் எதிரில் படாமல் பார்த்துக்கொள்வது. கல்யாண வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பந்தியைப் பார்த்துவிட்டு, ‘அடுத்த பந்தியில் சாப்பிடுகிறேன்’ என்று வெளியே போய் நிற்கிறாரே, அவர் அவாய்ட் செய்கிறார். அதே பந்தியில் உங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஏறெடுத்தும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து போகிறவர் இக்னோர் செய்கிறார். தினமும் உங்கள் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது இக்னோர்தான்.

இக்னோருக்கு நவுன் இக்னோரன்ஸ்தானே?

இல்லை. இக்னோரன்ஸ் என்றால் அறியாமை; இக்னோரன்ட் என்றால் அறியாதவர். ‘யுவர் இக்னோரன்ஸ் ஹர்ட் மீ’ என்று தோழிக்கு எழுதினால், ‘நீ ஒன்றும் தெரியாதவள், அது என்னைப் புண்படுத்தியது’ என்றுதான் அவள் படிப்பாள். ‘பீயிங் இக்னோர்டு ஹர்ட்ஸ்’ என்று எழுதுங்கள். இக்னோருக்கு அன்றாட வழக்கில் நல்ல பெயர்ச்சொல் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. லத்தீன் மூலச் சொல்லுக்கு ‘அறியாமல் இருப்பது’ என்றுதான் பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் இக்னோர் அப்படித்தான் வழங்கியது. இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. இடையில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குற்றச்சாட்டை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவுக்குக் கிராண்ட் ஜூரி என்று பெயர். போதிய ஆதாரம் இல்லை என்று அது கருதினால், குற்றச்சாட்டு எழுதிய தாளின் பின்புறம் ‘இக்னோராமஸ்’ என்று எழுதித் திருப்பும். ‘நாங்கள் இதை அறியோம்’ என்று அதற்குப் பொருள். அப்படித் திருப்பிய வழக்கை ‘இக்னோர்’ செய்ததாகச் சொன்னார்கள். அறியாமையைக் குறித்த சொல், அறிந்தும் ஏற்காமல் விடுவதைக் குறிக்கும் பக்கம் நகர்ந்ததை இந்த வழக்கத்தில் கண்ணெதிரே பார்க்கலாம்.

மெயிலைக் கவனிக்காம விட்டுட்டேன். மேனேஜர்கிட்ட எந்த வார்த்தையில சாரி சொல்றது?

மிஸ் அல்லது ஓவர்லுக். மெயில் கண்ணிலேயே படவில்லை என்றால் மிஸ். மெயிலைத் திறந்தீர்கள், அதில் நான்காவது பத்தியில் இருந்த கேள்வி மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றால் ஓவர்லுக். இரண்டிலும் வேண்டுமென்றே செய்த வாடை இல்லை. ‘அப்பாலஜீஸ் ஃபார் த ஓவர்சைட்’ என்று ஒரு வரி எழுதினால் அலுவலகத்தில் கௌரவமாக இருக்கும்.

‘ஐ இக்னோர்டு யுவர் மெயில்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். முதல் பதிலில் சொன்னபடி, பார்த்தேன், ஆனால் மதிக்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். ‘நெக்லெக்டட்’ என்றால் கடமை தவறினேன் என்ற ஒப்புதல். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் ஒழிய அது வேண்டாம்.

ஹோட்டல்ல ‘த ரூம் ஓவர்லுக்ஸ் த சீ’னு போட்டிருந்தான். ரூம் கடலைக் கண்டுக்கலைனா அர்த்தம்?

ஓவர்லுக்குக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி கண்ணுக்குத் தப்புவது. இரண்டு, உயரத்திலிருந்து பார்த்தபடி இருப்பது. அறை, பால்கனி, மலை, கோட்டை எழுவாயாக வந்தால் இதுதான். உங்கள் ஹோட்டல் அறையிலிருந்து கடல் தெரியும், தைரியமாகப் பதிவு செய்யுங்கள். மூன்று, தெரிந்தும் பெருந்தன்மையாக விட்டுவிடுவது: ‘ஐ வில் ஓவர்லுக் இட் திஸ் டைம்.’ சின்னத் தப்பு, அதை மன்னிக்கும் இடத்தில் உள்ள ஒருவர், இந்த இரண்டும் அருகில் இருந்தால் மூன்றாவது பொருளை எடுங்கள்.

ஓவர்சைட்டுக்கும் இதே இரட்டை வாழ்க்கை. சின்னத் தவறும் ஓவர்சைட், மேற்பார்வையும் ஓவர்சைட். ‘ஓவர்சைட் கமிட்டி’ என்றால் கண்காணிப்புக் குழு. மேலிருந்து பார்ப்பவர் நன்றாகவும் பார்க்கலாம், பார்வையைத் தாண்டவிட்டும் விடலாம் என்பதால் இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தன. இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களில் பழைய பேச்சு வழக்கில் ஓவர்லுக் என்றால் கண் வைப்பது. ஆடுமாடு காரணமில்லாமல் நோயில் விழுந்தால் ‘ஓவர்லுக்’ செய்துவிட்டார்கள் என்பார்கள். திருஷ்டி சுற்றிப் போடும் நமக்கு அது உடனே புரியும்.

ப்ரமோஷன்ல என்னை விட்டுட்டாங்க. அதுக்கும் ஓவர்லுக்கா?

‘ஐ வாஸ் ஓவர்லுக்டு ஃபார் ப்ரமோஷன்’ சரி. ‘ஐ வாஸ் பாஸ்டு ஓவர்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது கொஞ்சம் உறைப்பானது; உங்கள் பெயர் பட்டியலில் இருந்தது, தெரிந்தே அதைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள் என்று காட்டும்.

‘ப்ளீஸ் டிஸ்ரிகார்ட்’, ‘ப்ளீஸ் இக்னோர்’ ரெண்டும் வருதே, எது சரி?

இரண்டும் சரி, டிஸ்ரிகார்ட் கொஞ்சம் முறையானது. ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவது என்று பொருள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இந்த நினைவூட்டலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வரும் குறுஞ்செய்தியில் இரண்டையும் பார்க்கலாம். தவறான கோப்பை அனுப்பிவிட்டு உடனே மறு மெயில் போடும்போது ‘ப்ளீஸ் டிஸ்ரிகார்ட் மை ப்ரீவியஸ் மெயில்’ என்பதே நயமானது. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையிலான ரேடியோ பேச்சில் டிஸ்ரிகார்ட் ஒரு நிர்ணயிக்கப்பட்ட சொல். இப்போது சொன்னதை விட்டுவிடுங்கள் என்பதற்கு அந்த ஒரே சொல்தான்.

ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது இதற்கு முள் முளைக்கும். ‘டிஸ்ரிகார்ட் ஃபார் சேஃப்டி’ என்றால் பாதுகாப்பைத் துளியும் மதிக்காத அலட்சியம். முன்னால் ‘ரெக்லெஸ்’ சேர்ந்தால் அது நீதிமன்றத்தில் நிற்கும் குற்றச்சாட்டு.

ஹெல்மெட் போடாம போறவனை இக்னோர்னு சொல்லலாமா, வேற வார்த்தை இருக்கா?

சட்டம் தெரிந்தும் விட்டால் ‘இக்னோர்ஸ் த ரூல்’. போலீஸ் நிற்கும் சிக்னலிலேயே, எல்லோரும் பார்க்க, ‘என்ன பண்ணிடுவே’ என்ற தோரணையில் போனால் ‘ஃப்ளவுட்’. விதியை வெளிப்படையாகத் துச்சமாக்குவது அது. ‘ஃப்ளான்ட்’ என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நகையையும் காரையும் ஊருக்குக் காட்டிப் பீற்றிக்கொள்வது.

ஒரு ஆள் முகம் கொடுக்காம போனா எல்லாத்துக்கும் இக்னோர்தானா?

ஆள்களுக்கு என்று தனிச் சொற்கள் உண்டு. ஸ்னப் என்றால் மரியாதை எதிர்பார்க்கும் இடத்தில், அதுவும் நாலு பேர் முன்னால், மூக்குடைத்த மாதிரி ஒதுக்குவது. நீட்டிய கையைக் குலுக்காமல் அடுத்தவரிடம் போவது ஸ்னப். ஸ்லைட் அதைவிட மெலியது: அழைப்பிதழில் பெரியப்பா பெயர் விட்டுப்போனால் அவர் மனதில் தைப்பது ஸ்லைட். அதில் புண்பட்டவரின் மனம்தான் அளவுகோல், செய்தவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பிரிட்டிஷ் பேச்சில் ‘ஹீ பிளாங்க்டு மீ’ என்பார்கள். எதிரில் வந்தும் முன்பின் அறியாதவன் மாதிரி கடந்து போனான் என்று பொருள். ‘கோல்டு ஷோல்டர்’ என்றால் நாள்கணக்கில் காட்டும் பாராமுகம்.

புதிதாக வந்த கோஸ்ட் என்பதைப் பலர் இக்னோருக்குப் பதிலாகப் போடுகிறார்கள். ஒருமுறை பதில் போடாவிட்டால் அது கோஸ்ட் அல்ல. பழகிக்கொண்டிருந்தவர் ஒரு காரணமும் சொல்லாமல் எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு காணாமல் போவதுதான் கோஸ்ட். நேர்முகத் தேர்வு முடித்து ‘அடுத்த வாரம் சொல்கிறோம்’ என்ற நிறுவனம் அதோடு வாயே திறக்காவிட்டால் அதையும் இப்போது கோஸ்ட் என்கிறார்கள்.

தேர்தல் புறக்கணிப்புன்னு பேப்பர்ல வருதே, அங்கயும் இக்னோரா?

அங்கே பாய்காட். எதிர்ப்பைக் காட்டுவதற்காகப் பலர் சேர்ந்து, அறிவித்துவிட்டு ஒதுங்குவது. இக்னோரில் சத்தமே இருக்காது. பாய்காட்டில் ஊருக்குத் தெரியும்படி அறிவிப்பதுதான் பலம். சாலை வசதி கேட்டுக் கறுப்புக் கொடி கட்டி வாக்களிக்க மறுக்கும் கிராமம் தேர்தலை இக்னோர் செய்யவில்லை. அதன் மீது முழுக் கவனத்தையும் வைத்திருக்கிறது.

இந்தச் சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880இல் குத்தகைக் குறைப்புக் கேட்ட விவசாயிகளோடு மோதல் முற்றியது. குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய நிலக் கழகம் என்ற அமைப்பின் வழிகாட்டலில் ஊரே அவரை விலக்கி வைத்தது. வேலையாள்கள் வயலை விட்டு வெளியேறினார்கள், கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள். அறுவடைக்கு வெளியூரிலிருந்து சுமார் 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவில் படை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் அயர்லாந்தை விட்டுக் கிளம்பிவிட்டார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது.

‘கண்டும் காணாம இருக்காங்க’ன்னு சொல்றதுக்குச் சரியான இங்கிலீஷ் எது?

‘டர்ன் எ பிளைண்ட் ஐ.’ ஓவர்லுக்கின் மூன்றாவது பொருளில் பெருந்தன்மை இருந்தது. இதில் பெரும்பாலும் அது கிடையாது. தடுக்க அதிகாரம் உள்ளவர், நடப்பது தெரிந்தே, பார்க்காதது போல் இருக்கிறார். ஆற்று மணல் இரவோடு இரவாக லாரியில் போகிறது, சோதனைச் சாவடியில் இருப்பவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்றால் இதுதான். முறையிட்டும் காது கொடுக்காதவருக்கு ‘டர்ன் எ டெஃப் இயர்’. இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் தப்புக்கு உடந்தை என்றே சொல்ல ‘கனைவ் அட்’ உண்டு. அதன் லத்தீன் மூலமும் கண்ணை மூடிக்கொள்வதுதான்.

‘பிளைண்ட் ஐ’யோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை கடற்படைத் தளபதி நெல்சனுடையது. 1794இல் கோர்சிகாவின் கால்வி முற்றுகையில் அவருடைய வலக்கண் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் போர். சண்டையை நிறுத்தச் சொல்லி மேலதிகாரி ஹைட் பார்க்கர் கொடிச் சமிக்ஞை ஏற்றினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்து, எனக்குச் சமிக்ஞை தெரியவில்லை என்று சொல்லிச் சண்டையைத் தொடர்ந்தாராம். தொலைநோக்கிப் பகுதி பின்னால் சேர்ந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். நிறுத்து என்ற உத்தரவை அவர் ஏற்கவில்லை என்பது உண்மை.

பிரஷ் ஆஃப், ஷ்ரக் ஆஃப், டிஸ்மிஸ்... இதெல்லாம் எங்க போடுறது?

முதல் இரண்டிலும் உடம்பசைவு தெரிகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டையில் விழுந்த தூசைத் தட்டிவிடுவது போல ஒருவரை ‘அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்’ என்று தட்டிக்கழிப்பது பிரஷ் ஆஃப். தோளைக் குலுக்கி ‘போகட்டும்’ என்று விமர்சனத்தையோ காயத்தையோ உதறுவது ஷ்ரக் ஆஃப். பெரும்பாலும் நமக்கு நேர்ந்ததையே ஷ்ரக் ஆஃப் செய்வோம். டிஸ்மிஸ் என்றால் ஒரு யோசனையையோ புகாரையோ ‘இது யோசிக்கவே தகுதியில்லை’ என்று தீர்ப்புச் சொல்லித் தள்ளுவது. இக்னோர் செய்பவர் பதிலே சொல்லமாட்டார். டிஸ்மிஸ் செய்பவர் இல்லை என்று சொல்லிவிடுவார்.

பையன் பிசிக்ஸ் புக்ல ‘நெக்லெக்ட் ஏர் ரெசிஸ்டன்ஸ்’னு இருக்கு. கடமை எங்க வந்தது இதுல?

அருமையான கேள்வி. அறிவியலில் நெக்லெக்டுக்குப் பழி கிடையாது. விடையைப் பெரிதாக மாற்றாத அளவுக்குச் சிறியது, அதனால் கணக்கில் விட்டுவிடலாம் என்று பொருள். ‘நெக்லிஜிபிள்’ இதன் உறவு: புறக்கணிக்கத்தக்க அளவு. ஆனால் ‘நெக்லிஜென்ட்’ என்றால் கடமையில் அலட்சியமானவர். ‘த டாக்டர் வாஸ் நெக்லிஜிபிள்’ என்று எழுதினால் டாக்டர் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகும்.

மருத்துவத்திலும் பழியில்லாத ஒரு நெக்லெக்ட் உண்டு. மூளையின் வலப்பக்கத்தைப் பக்கவாதம் தாக்கிய சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்துக்கு வராது. கண் நன்றாக இருக்கும். ஆனாலும் தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தட்டு காலி என்பார்கள், முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் சவரம் செய்வார்கள். அந்த நிலையின் பெயரே நெக்லெக்ட். வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட்டில் இந்தச் சொல் வந்தால், யாரோ கவனிக்காமல் விட்டதாகக் குறை சொல்கிறார்கள் என்று பதற வேண்டாம்.

‘ஹீ டஸின்ட் கேர் மீ’ன்னு சொல்லலாமா?

முடியாது. ‘ஹீ டஸின்ட் கேர் அபவுட் மீ’ என்றால் என்மேல் அக்கறை இல்லை. ‘ஹீ டஸின்ட் கேர் ஃபார் மீ’ என்றால் பெரும்பாலும் என்னைப் பிடிக்காது. அவன் மதிக்கவே இல்லை, சட்டை செய்யவில்லை என்பதற்கு ‘ஹீ டேக்ஸ் நோ நோட்டீஸ் ஆஃப் மீ’ நன்றாகப் பொருந்தும்.

ஆபீஸ்ல கொடுத்த புகாருக்குப் பதிலே இல்லை. இக்னோர்டு, நெக்லெக்டட், ஓவர்லுக்டு... கடிதத்துல எதை எழுதட்டும்?

உங்களால் எதைக் காட்ட முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் நினைவூட்டலில் ‘இட் மே ஹேவ் பீன் ஓவர்லுக்டு’ என்று எழுதுங்கள். தவறிப் போயிருக்கலாம் என்று எதிராளிக்கு ஒரு வாசல் திறந்து வைக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் அதன் வழியாக வந்து பதில் சொல்லிவிடுவார்கள். முதல் கடிதத்திலேயே இக்னோர்டு என்று போட்டால் அவர்கள் உங்கள் பிரச்சினையை விட்டுவிட்டு அந்தச் சொல்லோடு சண்டைக்கு வருவார்கள்.

கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி உங்கள் கையில் இருந்து, அதற்கு மேலும் பதில் வராவிட்டால் இக்னோர்டு எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேதிகளை வரிசையாகப் போட்டு, ‘மை லெட்டர்ஸ் ஹேவ் பீன் இக்னோர்டு’ என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள். நெக்லெக்டட் வேண்டுமானால், எந்தக் கடமை என்று அதே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும்: லிஃப்டைப் பராமரிக்க வேண்டிய சங்கம் பராமரிக்கவில்லை என்றால், நெக்லெக்ட் ஆனது பராமரிப்பு. உங்கள் கடிதம் அல்ல.